நான்காவது கொம்பு

மார்ச் 12, செவ்வாய்.

முதலில் என் தப்பை எழுதிவிடுகிறேன். சனிக்கிழமை அந்தத் தோட்டத்தில் நான் வரைந்த படத்தில் ஒரு கொடியை ரப்பரால் அழித்து, மாற்றி வரைந்தேன். யாரும் மாற்றச் சொல்லவில்லை. நானாகத்தான் செய்தேன்.

தோட்டத்தில் ஆறு கொம்புகள், ஆறு அவரைக்கொடிகள். கொம்பு என்றாலும் எல்லாமே இரும்புக் குழாய்கள். ஐந்து கொடிகள் இடப்பக்கம் கீழிருந்து வலப்பக்கம் மேலாகச் சாய்ந்து ஏறியிருந்தன. நான்காவது மட்டும் எதிர்ப்பக்கமாக ஏறியிருந்தது. பார்த்தபடியே வரைந்தேன். வீட்டில் வந்து விரித்துப் பார்த்தபோது அந்த ஒன்று மட்டும் ஒட்டாமல் நின்றது. என் கைதான் தடுமாறியிருக்கும் என்று நினைத்து, மற்ற ஐந்தையும் போலவே திருத்திவிட்டேன். என் கண்மேல் எனக்கு அவ்வளவுதான் நம்பிக்கை.

நேற்று மாலை நான் படிக்கும் தாவரவியல் வகுப்பில் பாடம், ஏறுகொடிகள். சார் ஒரு தொட்டியை மேசைமேல் வைத்தார். வெள்ளரி மாதிரிக் கொடிகள் பற்றுக்கம்பியை நீட்டிப் பிடித்துக்கொண்டு ஏறும், அவரை மாதிரிக் கொடிகளுக்குத் தண்டே கை என்றார். அதன் நுனி காற்றில் வட்டம் போட்டுக்கொண்டே வளரும். எதிர்ப்படுவதைச் சுற்றிக்கொண்டு மேலே போகும். எந்தப் பக்கம் வட்டம் போடுவது என்பது பிறவிக் குணம்.

"அவரைக்கு ஒரே பக்கம்தான்," என்றார். "நீங்க வேணும்னே மாத்திச் சுத்தி விட்டுப் பாருங்க. முத்தின தண்டு அப்படியே கிடக்கும், அதால ஒண்ணும் செய்ய முடியாது. ஆனா நுனி மறுநாளே தன் பக்கம் திரும்பிடும்."

நான் பையிலிருந்து படத்தை எடுத்து, அழித்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பென்சில் தடம் இன்னும் தெரிந்தது. என் கை தடுமாறவில்லை என்றால் கொடி தடுமாறியிருக்க வேண்டும். கொடி தடுமாறாது என்றால், அது வேறு யாரோ ஒருவருடைய கை.

எந்தத் தோட்டம் என்பதையும் எழுதிவிட வேண்டும். நான் ஒரு வக்கீலம்மாவிடம் வேலை செய்கிறேன். வழக்குக்கு வேண்டிய விவரங்களைப் போய்ப் பார்த்து, கேட்டு வருவது என் வேலை. 'துப்பு' என்றுதான் கூப்பிடுவார். கேலியா பாராட்டா என்று கேட்க இன்னும் தைரியம் வரவில்லை. போன ஞாயிறுக்கு முந்திய ஞாயிறு மாலை, தனியாக வாழ்ந்த ஒரு வீட்டுக்காரம்மா தன் வீட்டுப் பின்தோட்டத்தில் மண்டை உடைந்து செத்துப்போனாள். திங்கள் காலையில் உடலைப் பார்த்துக் கத்தியவள், பின்பகுதியில் குடியிருக்கும் தோட்டக்கார அக்கா. அந்தத் தோட்டம் முழுக்க அவள் போட்டது. ஞாயிறு காலையில் இருவருக்கும் பெரிய சண்டை, தெருவே கேட்டிருக்கிறது. வீட்டை விற்கப் போகிறேன், காலி செய் என்றாள் வீட்டுக்காரம்மா. காய் முடியட்டும், போய்விடுகிறோம் என்றாள் அக்கா.

போலீஸ் அக்காவின் மண்வெட்டியை எடுத்துப் பார்த்தது. பளிச்சென்று கழுவியிருந்தது. அவள் தினமும் கழுவுகிறவள். இதைச் சொன்னால், "கொலை செஞ்சவனும் கழுவத்தான் செய்வான்," என்றார் அதிகாரி. மாலையில் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன் என்றாள்; பார்த்ததாகச் சொல்ல ஆள் இல்லை. அதற்குப் பிறகு அவள் வாயே திறக்கவில்லை. அன்றே கைது செய்துவிட்டார்கள்; நாளை மறுநாள் விசாரணை. வக்கீலம்மாவிடம் அழுதுகொண்டு வந்து வழக்கைக் கொடுத்தவர் அக்காவின் கணவர். அதே தெருமுனையில் எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டும் கடை வைத்திருக்கிறார்.

இன்னும் ஒரு சின்ன விஷயம். இறந்தவளின் உள்ளங்கையில் உப்பு ஒட்டியிருந்தது. சமையல் நடுவே வெளியே வந்திருப்பாள் என்று போலீஸ் அதை அத்தோடு விட்டுவிட்டது.

இன்று காலையில் மாமாவின் வேனில் ஏறினேன். அம்மாவின் தம்பி, சலவைக்கடைக்கு வேன் ஓட்டுகிறார். எல்லோரும் அவரைத் 'தகரம்' என்பார்கள். அது வேன் சத்தத்தால் வந்த பெயரா, அவர் வாயால் வந்த பெயரா என்பது இன்னும் தீராத வழக்கு. போகிற வழியில் கொடி விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப நாலாவது கொடி ராங் சைடுல போயிருக்கு. ஃபைன் போட்டு விட்டுடலாம்."

"கொடி போகல மாமா. யாரோ ஓட்டிட்டுப் போயிருக்காங்க."

"சரிடி மருமகளே, ஒரு கொலையைப் பண்ணிட்டு எவனாவது நின்னு தோட்ட வேலை பாப்பானா?"

"கொம்பு வேணும்னு உருவியிருந்தா? உருவினதை எடுத்துட்டுப் போயிட்டா அங்க ஒரு கொடி மட்டும் தரையில கிடக்கும். யார் பாத்தாலும் கேப்பாங்க. அதனால வேற ஒரு குழாயை நட்டு, கொடியைத் திரும்பச் சுத்தி விட்டிருக்கணும்."

மாமா கியரை மாற்றினார்.

"இரும்புக் குழாய்," என்றார். "மண்டை உடையும்."

"உடையும். ஆனா நான் தப்பா பாத்திருக்கலாம்."

"நீ மூச்சு விடுறதையே தப்பா விடுறோமோன்னு யோசிக்கிறவ. முதல்ல போய்ப் பாப்போம்."

வாசலிலேயே அரிவாள் சத்தம் கேட்டது. பின்பக்கம் ஓடினோம். ஒரு கூலி ஆள் முதல் இரண்டு கொடிகளையும் வேரோடு பிடுங்கிக் குவித்துவிட்டு, மூன்றாவதில் கை வைத்திருந்தார். படிக்கட்டில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். இறந்தவளின் தம்பி.

"ஐயா, கையை எடுங்க!" மாமா வெள்ளைத் துணி மூட்டையோடு பாய்ந்தார். "அதுல மருந்து அடிச்சிருக்கு, தோல் உரிஞ்சிடும்!"

கூலி ஆள் அரிவாளைக் கீழே போட்டுவிட்டார்.

"யாருய்யா நீ?" என்றார் தம்பி.

"லாண்டரி."

"நான் துணியே போடலையே?"

"ஏன் போடலைன்னு கேக்கத்தான் வந்தோம்."

நான் முன்னால் போய் வக்கீலம்மாவின் பெயரைச் சொன்னேன். தம்பியின் முகம் மாறியது.

"அந்தப் பொம்பளைக்கு வக்கீல் வேற! எங்க அக்கா விழுந்து கிடந்த இடம்மா இது. ராத்திரி பூரா தனியா கிடந்திருக்கா, நாய்கூட எட்டிப் பாக்கல. இந்தப் பச்சையைப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது." சொல்லிக்கொண்டே மூன்றாவது கொடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். பாதியில் அறுந்து வந்தது. மீதி குழாயிலேயே தொங்கியது. கையில் இருந்ததைக் குவியலில் எறிந்தார்.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் மத்ததைத் தொடாம இருங்க சார்," என்றேன். "அதுக்கப்புறம் உங்க இஷ்டம். உங்க அக்காவுக்காகவும்தான் கேக்குறேன்."

அவர் கூலி ஆளுக்குக் கைகாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

"இவன்தாண்டி," மாமா காதருகே சொன்னார். "வீடு யாருக்கு வரும்? தம்பிக்கு. முடிஞ்சுது கேஸ்."

"இவர் இல்ல மாமா."

"ஏன், நல்லா அழுதானேன்னா?"

"கொடியைப் பிடிச்ச பிடியைப் பாத்தீங்கல்ல? இவர் பிய்க்கிறவர். நாம தேடுற ஆள் பிரிக்கிறவர். முழுக் கொடியையும் ஒரு இடத்துலயும் அறுக்காம பிரிச்சிருக்கார்."

மாமாவின் மூட்டையிலிருந்து ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை உருவி, நான்காவது கொம்புக்குப் பின்னால் பிடிக்கச் சொன்னேன். விரிப்பின் மேல் கொடி தனியாகத் தெரிந்தது.

"கல்யாண போட்டோ மாதிரி இருக்கு," என்றார். "மாப்பிள்ளை விறைப்பா நிக்கிறார்."

நான் அழித்த கோடு கண்ணெதிரே நின்றது. அடியிலிருந்து என் தலை உயரம் வரை கொடி வலமிருந்து இடமாக ஏறியிருந்தது. அதற்கு மேல் ஒரு சின்ன வளைவு. தயங்கி நின்றது போல ஒரு தொய்வு. அங்கிருந்து இளம் நுனி, மற்ற கொடிகளைப் போலவே, இடமிருந்து வலமாகப் போயிருந்தது. முற்றிய தண்டை மாற்றிச் சுற்றியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு வளர்ந்தது மட்டும் தன் வழிக்குத் திரும்பியிருக்கிறது. கீழே இருந்த இலைகளைப் புரட்டிப் பார்த்தேன். காம்புகள் முறுக்கிக்கொண்டிருந்தன. முதுகு வெளிச்சத்துக்கு வந்துவிட்ட இலைகள் திரும்பவும் முகத்தைக் காட்டத் திருகியிருக்கின்றன. பக்கத்துக் கொடிகளின் காம்புகளில் அந்த முறுக்கு இல்லை.

சந்தேகம் தீராமல் ஐந்தாவதையும் ஆறாவதையும் விரலால் தடவிப் பார்த்தேன். பிடுங்கிப்போட்ட இரண்டையும் குவியலிலிருந்து எடுத்துப் பார்த்தேன். கீழே கிடந்தாலும் அவற்றின் சுருள் மாறவில்லை. எல்லாம் ஒரே பக்கம்.

இரண்டு விஷயங்கள் புரியவில்லை. ஒன்று, நான்காவது கொடியின் சுற்றுகளுக்கு இடையே இருந்த தூரம். மற்றக் கொடிகள் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் போயிருந்தன. இதில் ஒவ்வொரு சுற்றும் அளந்து வைத்தது போல நான்கு விரல் இடைவெளியில் இருந்தது. கொலை செய்த பதற்றத்தில் யாருக்கு இவ்வளவு ஒழுங்கு வரும்? இரண்டு, குழாயில் அங்கங்கே பழுப்பாக ஏதோ வழிந்து உறைந்திருந்தது. தேன் மாதிரி இருந்தது. நகத்தால் கீறினால் சில்லாகப் பெயர்ந்தது. மற்றக் குழாய்களில் துருவைத் தவிர எதுவும் இல்லை.

"மருமகளே, இங்க பாரு." மாமா முதல் பாத்தியருகே குத்துக்காலிட்டிருந்தார். பிடுங்கிய இடத்தில் மண்மேல் வெள்ளையாகப் பொருக்கு. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். நான் தடுப்பதற்குள் வைத்துவிட்டார். "உப்பு. உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாங்க. இந்த உப்பை யாரு இட்டதோ?"

குவியலில் கிடந்த முதல் கொடியின் இலைகளைப் பார்த்தேன். ஓரமெல்லாம் கருகியிருந்தது. மண்ணில் உப்பு ஏறினால் வேரால் நீரை இழுக்க முடியாது. ஈரத்தில் நின்றுகொண்டே செடி தாகத்தில் சாகும். செத்தவளின் உள்ளங்கை நினைவுக்கு வந்தது. அவள் சமையல் நடுவே வரவில்லை. காய் முடியட்டும் என்று அக்கா சொன்னாள். கொடிகளைக் கொன்று அதைச் சீக்கிரம் முடிக்க இவள் வந்திருக்கிறாள்.

யாரோ அதைப் பார்த்திருக்கிறார். கைக்குக் கிடைத்த குழாயை உருவியிருக்கிறார்.

"அக்கா இல்லைங்கிறது நிச்சயம்தானே?" என்றார் மாமா.

"தினமும் இந்த நுனிகளைத் தொட்டு ஏத்தி விடுறவங்க மாமா. கண்ணைக் கட்டி விட்டாலும் மாத்திச் சுத்த மாட்டாங்க."

"அப்புறம் என்ன? வா, புருஷன்கிட்ட ஒரு நல்ல வார்த்தை சொல்லிட்டுப் போவோம். மனுஷன் பாதி ஆளா கிடக்கான்."

இந்த வழக்கில் முதல் தடவையாக எனக்கு நிம்மதியாகச் சிரிப்பு வந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

காயில் கடை ஒரே அறை. தரை முழுக்கப் பிரித்துப்போட்ட மோட்டார்கள். செம்புக் கம்பி உருளைகள். அடுப்பில் வார்னிஷ் சூடாகிக்கொண்டிருந்தது. மூக்கைத் துளைக்கும் அந்த வாசனை. அக்காவின் கணவர் மேசைமுன் உட்கார்ந்து, செம்புக் கம்பிக் கற்றை ஒன்றுக்கு வெள்ளை நாடா சுற்றிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழ முயன்றார். கை மட்டும் நிற்கவில்லை. பழகிய கை.

"வாங்க, வாங்க. உக்காருங்க. ஏதாவது தெரிஞ்சுதா?"

"அண்ணே, உங்க வீட்டம்மா வெளியே வந்த மாதிரிதான்!" மாமா முக்காலியை இழுத்துப் போட்டார். "நம்ம பொண்ணு ஒரு விஷயத்தைக் கண்டுபிடிச்சிருக்கா பாருங்க, அந்தத் தோட்டத்துல நாலா..."

நான் மாமாவின் காலை மிதித்தேன். அழுத்தி மிதித்தேன்.

நாடா வலமிருந்து இடமாகச் சாய்ந்து ஏறிக்கொண்டிருந்தது. ஒரு சுற்று, நான்கு விரல் இடைவெளி, ஒரு சுற்று. கற்றையை அவர் தலைகீழாகத் திருப்பி மறுமுனையைப் பிடித்தார். சுருளை எப்படித் திருப்பினாலும் அதன் பக்கம் மாறாது. அதே சாய்வு.

மாமா என் பார்வை போன இடத்தைப் பார்த்தார். அவர் வாய் திறந்தபடியே நின்றது.

"நாலா?" என்றார் கணவர்.

"நாலா பக்கமும் தேடிட்டோம்னு சொல்ல வந்தேன்," என்றார் மாமா. அவர் குரலே மாறிப்போயிருந்தது.

நான் சுவரைப் பார்த்தேன். மேசைக்கு மேலே இரண்டு இரும்புக் கொக்கிகள் வெறுமையாக இருந்தன. அவற்றுக்கு நடுவே சுவரில் மேலிருந்து கீழாகப் பழுப்புக் கோடுகள், நனைத்த காயில்களிலிருந்து சொட்டிய வார்னிஷ். இப்போது காயில்கள் ஒரு புது நைலான் கயிற்றில் தொங்கின.

"அந்தக் கொக்கியில என்ன இருந்துச்சு அண்ணே?" என்று கேட்டேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தேன். எவ்வளவு முடிந்ததோ தெரியவில்லை.

"குழாய். துருப்பிடிச்சுப்போச்சு. பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுட்டேன்." நாடாவைச் சுற்றிய கை நின்றது. "தோட்டத்துக்குப் போயிருந்தீங்களா?"

"போயிருந்தோம்."

"செடியெல்லாம் பிடுங்கிட்டாங்களா?"

எட்டு நாளாக மனைவி சிறையில் இருக்கிறாள். அவளைப் பார்த்தீர்களா, சாப்பிட்டாளா என்று கேட்கவில்லை. செடியைக் கேட்டார். கேட்டதும் அவருக்கே ஏதோ உறைத்திருக்க வேண்டும். கண் கலங்கியது.

"எப்படியாவது அவளை வெளியே கொண்டுவந்துடுங்கம்மா," என்றார். "ஆயுதமும் இல்ல, பாத்த ஆளும் இல்ல. விட்டுடுவாங்கல்ல? வக்கீலம்மா விட்டுடுவாங்கன்னுதானே சொன்னாங்க?"

அந்தக் கண்ணீர் பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒருவருமே மாட்டாமல் இது முடிந்துவிடும் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

வேனில் ஏறியதும் மாமா சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"கை பழக்கம்," என்றார். "ஒருத்தியைக் கொன்னுட்டுக்கூடக் கை தன் வேலையை ஒழுங்காத்தான் செய்யும் போல."

"தப்பா இருக்கலாம் மாமா. நிறைய பேர் அந்தப் பக்கம் சுத்துவாங்க."

"கொக்கி? வார்னிஷ்?"

என் கணிப்பு தப்பாக இருக்க வேண்டும் என்று நான் விரும்பிய முதல் நாள் இது.

மதியத்துக்குப் பிறகு பார்வையாளர் நேரம். சிறையின் பார்வை அறையில் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் அக்கா வந்து உட்கார்ந்தாள். நாற்பதுக்குள்தான் இருக்கும். நகத்தில் இன்னும் மண் கறை. பெண் காவலர் ஒருவர் கதவருகே நின்றார். கொடியைப் பற்றி மட்டும் சொல்வோம், கடையைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன்.

"அக்கா, நாலாவது கொம்புல யாரோ கொடியைப் பிரிச்சு, மாத்திச் சுத்தியிருக்காங்க. குழாயும் வேற. நீங்க செய்யலைங்கிறதுக்கு அதுவே..."

"நான்தான் சுத்தினேன்," என்றாள்.

எட்டு நாளில் அவள் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

மாமா முன்னால் குனிந்தார். "ஏம்மா, பிள்ளையாட்டம் வளத்த கொடி. அதைப் போய் நீ தப்பாச் சுத்துவியா?"

"அவசரத்துல சுத்தினேன். என்ன இப்ப?"

"எப்படிச் சுத்தினீங்க?" என்று கேட்டேன். "காட்டுங்க அக்கா."

சேலை முந்தானை ஓரத்தில் ஒரு நூல் பிரிந்திருந்தது. அதை இழுத்து, இடது கையின் ஆள்காட்டி விரலை நிமிர்த்தி, சுற்றத் தொடங்கினாள். இடமிருந்து வலமாக, மேலே. இரண்டு சுற்று போனதும் கை நின்றது. விரலையே பார்த்தாள். நூலை மெதுவாகப் பிரித்தாள். பிறகு ஒவ்வொரு சுற்றாக யோசித்து, எதிர்ப்பக்கமாகச் சுற்றினாள். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கோணிக்கொண்டு போயின.

எந்தப் பக்கம் தப்பு என்று நான் அவளிடம் சொல்லவில்லை. மாற்றிச் சுற்றியிருக்கிறது என்றுதான் சொன்னேன். எந்தப் பக்கம் என்று அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

"அன்னைக்குக் காலையிலேயே பாத்துட்டீங்க," என்றேன்.

நூல் விரலில் அப்படியே இருந்தது.

"தண்ணி ஊத்தப் போனேன்," என்றாள் கடைசியில். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "அந்தம்மா கிடந்துச்சு. பக்கத்துல உப்புப் பொட்டலம். கத்தினேன். கத்திக்கிட்டே நாலாவதைப் பாத்தேன். பதினாறு வருஷமா அந்தக் கை சுத்துறதைப் பாத்துக்கிட்டிருக்கேன் பாப்பா. எனக்கா தெரியாது?"

"சொல்லியிருக்கலாமே?"

"கொடியைப் பிரிச்சுச் சரி பண்ணிடலாம்னுதான் கிட்டப் போனேன். அதுக்குள்ள ஆள் கூடிடுச்சு. செடிக்காக நடந்ததுன்னு தெரியக் கூடாதுன்னு உப்புப் பொட்டலத்தை மட்டும் இடுப்புல சொருகிக்கிட்டேன்." விரலில் இருந்த நூலைப் பிரித்தாள். "காய் முடியட்டும்னு நான் ஒரு வார்த்தை விட்டதுதான் எல்லாத்துக்கும். அவருக்குச் செடி மேல என்ன ஆசை? ஒண்ணும் கிடையாது. என் செடின்னுதான் கோவம் வந்திருக்கும்."

"அதுக்காக நீங்க ஆயுசு பூரா இங்க இருப்பீங்களா?"

"அவரா வந்து சொல்லுவார்." கம்பிவலையில் விரல்களை வைத்தாள். "ஒவ்வொரு நாளும் கதவு திறக்குறப்ப, சொல்லிட்டார் போல, என்னைக் கூட்டிட்டுப் போக வந்திருக்காங்க போலன்னு எழுந்து நிக்கிறேன். இன்னும் சொல்லல. சொல்லுவார். நீ போய்ச் சொல்லிட்டா, அவர் சொல்லாம மாட்டினவர் ஆயிடுவார். கொஞ்சம் டைம் குடு பாப்பா."

"நேரம் ஆச்சு," என்றார் பெண் காவலர்.

அக்கா எழுந்தாள். போகிறபோது திரும்பிப் பார்த்தாள். "நாலாவதோட நுனி என்ன ஆச்சு?"

"தன் பக்கம் திரும்பிடுச்சு அக்கா."

"திரும்பும்," என்றாள். அந்தச் சொல்லை அவள் யாரை நினைத்துச் சொன்னாள் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

திரும்பும் வழியில் மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தத் தீராத வழக்குக்குத் தீர்ப்பு கிடைத்தது: சத்தமெல்லாம் வேனுடையதுதான். வீட்டு வாசலில் நிறுத்தியபோதுதான் வாய் திறந்தார்.

"கொடிக்குக் காய் பாரமான்னு கேப்பாங்க. இங்க கொம்புக்குக் கொடி பாரமாயிடுச்சு." ஸ்டியரிங்கைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. "அவ கேட்டதுக்கு என்ன பண்ணப் போற?"

"அவர் வந்து சொல்லுவார்னு உங்களுக்குத் தோணுதா மாமா?"

"செடியைப் பிடுங்கிட்டாங்களான்னு கேட்டானே, அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"நாளை மத்தியானத்துக்கு மேல அந்தக் கொடி இருக்காது. அப்புறம் அவர் சொன்னாத்தான் உண்டு. சொல்லலைன்னா அக்கா வாயால ஒத்துக்கிட்டது மட்டும்தான் மிச்சம் இருக்கும்."

"இன்னைக்கு 'நான்தான் சுத்தினேன்'னு சொன்னா. நாளைக்கழிச்சு கோர்ட்டுல 'நான்தான் அடிச்சேன்'னும் சொல்லுவா."

"சொல்லுவாங்க மாமா. அதுதான் பயமா இருக்கு."

இன்று வகுப்புக்குப் போகவில்லை. மேசைமேல் படத்தை விரித்து வைத்திருக்கிறேன். நான் சொன்னால் அக்கா வெளியே வருவாள். வந்து என் முகத்தில் விழிக்க மாட்டாள். சொல்லாவிட்டால் ஒவ்வொரு நாளும் கதவு திறக்கும்போது எழுந்து நிற்பாள். அவளுக்காகத்தான் என்னை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். அவளுடைய நம்பிக்கைக்காக அல்ல. இதை எழுதிவிட்டுப் பலமுறை படித்துப் பார்த்தேன். தப்பு இருக்கிறதா என்று தெரியவில்லை. அழிக்கவில்லை.

நாளை செய்ய வேண்டியது: காலையில் வக்கீலம்மா வந்ததும், சிறையில் கேட்டதையும் சேர்த்து, எல்லாவற்றையும் சொல்வது. மதியத்துக்கு முன் அவரையும் போலீஸையும் தோட்டத்துக்கு அழைத்துப்போய், நான்காவது குழாயைக் கொடியோடு எடுக்க வைப்பது. அதற்கு முன் படத்தில் நான்காவது கொடியைக் கண்டது கண்டபடி திரும்ப வரைவது. ரப்பரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும்.